முயல் படம் போட்டால் இருபது ரூபாய் கூடுதலா?

ராயக்கோட்டைத் தக்காளி | 19 மே 2024, காலை 11.20

கிருஷ்ணகிரியில் ஒரு கடையில் ஏறக்குறைய ஒரே மாதிரி இரண்டு ஃபேஸ்வாஷ் பார்த்தேன். ஒன்றில் துள்ளுகிற முயல் படமும் 'விலங்குகள் மேல் சோதிக்கப்படாதது' என்ற வரியும் இருந்தன. அதற்கு 20 ரூபாய் கூட. நம் நாட்டில்தான் அந்தச் சோதனைக்கே தடை இருக்கிறதே, அப்புறம் படம் எதற்கு? சுத்த ஏமாற்று என்கிறேன். கடைக்காரர்கள் யாராவது இருந்தால் மறுத்துப் பேசுங்கள்.

நான்கு ரோடு ஃபேன்சி | 19 மே 2024, இரவு 10.05

கடைக்காரன் வந்துவிட்டேன். தர்மபுரியில் பதினாறு வருடமாக ஃபேன்சி ஸ்டோர். வளையல், பொட்டு, ரிப்பன், டை, கிரீம், கோன் எல்லாம் உண்டு.

நீங்கள் சொல்வது பாதி சரி. இந்தியாவில் 2013லேயே தடை வந்துவிட்டது. யாருமே செய்யக் கூடாததை 'நான் செய்யவில்லை' என்று அட்டையில் அச்சடிப்பது, பஸ்ஸின் முகப்பில் 'எங்கள் டிரைவர் குடித்துவிட்டு ஓட்டமாட்டார்' என்று எழுதி வைப்பது மாதிரி.

மீதிப் பாதி வேறு. வெளிநாட்டிலும் விற்கிற கம்பெனி என்றால், அங்கேயும் செய்வதில்லை என்று சொல்வதில் ஏதோ பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் நாடு முழுக்கச் செல்லும் தடைச் சட்டம் இன்றுவரை இல்லை. கலிபோர்னியா மாதிரி சில மாநிலங்கள்தான் தனியாகப் போட்டிருக்கின்றன. துள்ளும் முயல் முத்திரை 1996இல் தொடங்கியது. அதை முறையாக வாங்க, மூலப்பொருள் தருகிறவர் வரைக்கும் கணக்குக் காட்ட வேண்டும். ஆனால் வெறுமனே ஒரு முயலை வரைந்துகொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம். என் கடையில் ஒரு பாக்கெட்டில் இருக்கிற முயலுக்குக் காது ஆட்டுக்காது மாதிரி தொங்குகிறது.

நான்கு ரோடு ஃபேன்சி | 20 மே 2024, காலை 6.50

நேற்று 2013 என்று எழுதியது தப்பு. இராத்திரி படுத்த பிறகுதான் உறுத்தியது.

2013இல் நடந்தது இது: இந்தியத் தர நிர்ணய அமைப்பு, அழகுசாதனப் பொருள்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் தன்னுடைய ஐஎஸ் 4011 தரத்திலிருந்து விலங்குச் சோதனையை எடுக்க முடிவு செய்தது. சட்டப்படியான தடை 2014 மே மாதம். மருந்து, அழகுசாதன விதிகளில் 148-சி என்று ஒரு விதி சேர்ந்தது. 'அழகுசாதனத்தைச் சோதிக்க எவரும் எந்த விலங்கையும் பயன்படுத்தக் கூடாது' என்பதுதான் சாரம். அதே ஆண்டு நவம்பரிலிருந்து, விலங்கு மேல் சோதித்த அழகுசாதனத்தை இறக்குமதி செய்யவும் தடை. தெற்காசியாவில் முதலில் போட்டது நாம்தான். ஐரோப்பிய ஒன்றியம் 2004, 2009 என்று படிப்படியாக வந்து 2013 மார்ச் 11 அன்று விற்பனையையும் சேர்த்து மூடியது. அந்த 2013தான் என் மண்டையில் ஒட்டிக்கொண்டிருந்தது போல.

நான்கு ரோடு ஃபேன்சி | 22 மே 2024, இரவு 11.15

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். இங்கேயே சொல்கிறேன்.

கடை வைப்பதற்கு முன்னால் நான் முயல் வளர்த்தவன். 2004இலிருந்து 2006 வரை, பென்னாகரம் ரோட்டில் அப்பாவுடைய தகரக் கொட்டகையில். அப்போது முயல் வளர்ப்பு என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஏழு பெட்டை, மூன்று கிடா சேர்த்தால் ஒரு யூனிட். நான் இரண்டு யூனிட் எடுத்தேன். நியூசிலாந்து வெள்ளை என்கிற இனம். சிவப்புக் கண், பஞ்சு மாதிரி உடம்பு. வேலிமசாலும் முருங்கைத் தழையும் போட்டால் மாதம் ஒரு ஈத்து என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். முப்பது நாளில் குட்டி போடுவது உண்மைதான். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் முயல் என்ன ஆகும் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் யாரும் எழுதவில்லை. முதல் கோடையில் பதினொன்று செத்தன. ஈரச் சாக்குத் தொங்கவிட்டும் நிற்கவில்லை.

திருப்பி வாங்கிக்கொள்கிறோம் என்றவர்கள் ஆறு மாதத்தில் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்த நேரத்தில்தான் ஒருவர் பைக்கில் வந்தார். இரண்டிலிருந்து இரண்டரை கிலோ, வெள்ளை மட்டும், கண்ணில் புரை, சீழ் எதுவும் இருக்கக் கூடாது என்றார். ஒன்று 200 ரூபாய். கறிக்கடைக்காரன் கண்ணைப் பார்த்து வாங்கமாட்டானே என்று அப்போதே மனசில் பட்டது. எதற்கு என்று கேட்டேன். 'ஏதோ லேபுக்கு' என்றார். பன்னிரண்டு கொடுத்தேன். 2,400 ரூபாய் அன்றைக்குப் பெரிய பணம். கரண்ட் பில் பாக்கி அதில்தான் கட்டினேன்.

ஆய்வகத்துக்கு முயல் விற்கிறவர், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கிற மத்தியக் குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 1998 விதிகளிலேயே இருக்கிறதாம். அது எனக்குத் தெரிந்தது பத்து வருடம் கழித்து.

நான்கு ரோடு ஃபேன்சி | 23 மே 2024, மதியம் 2.10

மேலே எழுதியதை வீட்டில் படித்துக் காட்டினேன். 'வெள்ளை மட்டும் கேட்டாராம்! நம்மிடம் இருந்ததே வெள்ளை மட்டும்தானே' என்கிறாள். நியாயம். அந்தத் துப்பறியும் குறிப்பை நீக்கிவிடுங்கள். கண்ணைப் பார்த்தது மட்டும் உண்மை, அதில் மாற்றமில்லை. 'கண்ணு பாக்காம நீங்க மாடு வாங்குவீங்களா?' என்றாள் அதற்கும். இதற்கு மேல் நான் பேசவில்லை.

நான்கு ரோடு ஃபேன்சி | 26 மே 2024, இரவு 9.30

அரூர்க்காரர் ஒருவர் 'ஏன் முயல்? ஏன் நாய், பூனை இல்லை?' என்கிறார். நாய், எலி, கினிப்பன்றி எல்லாமே இந்தச் சோதனைகளில் உண்டு. முயல் பேர் வாங்கியது கண்ணால்.

1944இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தில் ஜான் டிரெய்ஸ் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒரு முறையை வகுத்தார்கள். பொருளில் 0.1 மில்லி எடுத்து முயலின் ஒரு கண்ணில் விடுவது, மறு கண்ணை ஒப்பிடுவதற்காக அப்படியே விடுவது, சிவப்பு, வீக்கம், கருவிழிப் புண் எல்லாவற்றுக்கும் மார்க் போடுவது. 21 நாள் வரைக்கும் பார்ப்பார்கள். முயலுக்குக் கண்ணீர் குறைவு. கண் சிமிட்டுவதும் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு தடவைதான். விட்ட மருந்து கழுவிப் போகாமல் தங்கும். வளர்த்தவனுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டாம். தவிட்டுத் தூசி கண்ணில் விழுந்தாலும் அது பாட்டுக்கு மென்றுகொண்டிருக்கும், நாம்தான் துணியால் துடைத்துவிட வேண்டும்.

ஆனால் டிரெய்ஸை ராட்சசன் என்று திட்டிவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அதற்கு முந்தைய கதையையும் பாருங்கள். 1933 வாக்கில் அமெரிக்காவில் இமைக்கு அடிக்கிற ஒரு டை விற்றது, லேஷ் லூர் என்று பெயர். போட்ட பெண்களுக்குக் கண் வெந்தது. சிலருக்குப் பார்வை போனது, ஒருவர் இறந்தே போனார். அப்போது நடப்பிலிருந்த 1906 சட்டம் அழகுசாதனத்தைத் தொடவே இல்லை. அதனால் கடையிலிருந்து அதை அகற்றக்கூட அதிகாரிகளுக்கு அதிகாரம் கிடையாது. 1938இல் புதுச் சட்டம் வந்த பிறகுதான் முடிந்தது. அந்தச் சட்டத்தை ஒட்டித்தான் முயல் கண் சோதனை பரவியது. முதலில் பெண்கள் மேல் சோதித்தார்கள், அப்புறம் முயல் மேல் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

(நம் ஊரிலும் 1940 சட்டம் வெறும் மருந்துச் சட்டம்தான். அழகுசாதனம் என்ற சொல் அதன் பெயரில் ஏறியது 1962 திருத்தத்தில்.)

லேஷ் லூரில் இருந்த சாயத்தின் பெயர் பாரா-ஃபினைலீன்டையமின். பிபிடி என்று சுருக்குவார்கள். பெயரை நினைவில் வையுங்கள், மறுபடியும் வரும். உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற கறுப்பு டை பாக்கெட்டின் பின்பக்கத்தைப் பார்த்தால் இன்றைக்கே வந்துவிடும்.

நான்கு ரோடு ஃபேன்சி | 27 மே 2024, காலை 7.15

தக்காளித் தம்பி, 'சுத்த ஏமாற்று' என்பதிலிருந்து இறங்கிவிட்டீர்களா இல்லையா? பதிலே காணோம். பாலக்கோட்டில் தக்காளி விலை ஏறிவிட்டதோ?

நான்கு ரோடு ஃபேன்சி | 2 ஜூன் 2024, இரவு 10.40

பிபிடி கதையை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன்.

2017 ஆவணியில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம். மருதாணிக்கு என் கடையிலிருந்துதான் கோன் போனது. இரண்டு டஜன், கறுப்பு. 'நைட் போட்டு ஒரு மணி நேரத்தில் கழுவினாலே கறுப்பாகப் பிடிக்கும்' என்று லைன் ஆள் கொடுத்த சரக்கு. அட்டையில் பூ, மயில், ஓரத்தில் முயல், 'விலங்குகளுக்குத் துன்பமில்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. தயாரித்தவர் முகவரி இல்லை, லைசென்ஸ் எண் இல்லை. இத்தனை வருடம் சரக்கு வாங்கி விற்கிற நான் அதைப் பார்க்கவில்லை. முயலைப் பார்த்தேன். பழைய பாசம்.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில் அரிப்பு. சாயங்காலத்துக்குள் கொடியும் பூவுமாகப் போட்ட கோலம் அப்படியே கொப்புளமாக எழும்பி நின்றது. கோடு கோடாக, ஒரு இலைகூடத் தப்பவில்லை. இரண்டு கையிலும் துணி சுற்றிக்கொண்டு மணவறையில் உட்கார்ந்தாள். தாலி கட்டும்போது அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, 'இதற்கு முன்னால் எப்போதாவது கறுப்புக் கோன் போட்டாயா?' பள்ளிக்கூட ஆண்டு விழாவில் போட்டிருக்கிறாள். அப்போது ஒன்றும் ஆகவில்லை. அதுதான் விஷயம் என்றார். முதல் தடவை உடம்பு அடையாளம் கண்டு வைத்துக்கொள்ளும், அடுத்த தடவை சண்டைக்கு வரும். மருதாணி இலை கறுப்பு தராது. சிவப்பு, செம்பழுப்பு, அவ்வளவுதான். ஒரு மணி நேரத்தில் கறுப்பு என்றால் தலைக்கு அடிக்கிற சாயத்தைக் கலந்திருக்கிறார்கள். ஐரோப்பாவில் தலைமுடிச் சாயத்தில் பிபிடி 2 சதவீதம் வரைக்கும்தான், அதுவும் முடிக்கு மட்டும். தோலில் நேராகப் பூச அனுமதியே கிடையாது.

இனி ஆயுசுக்கும் அவள் டை அடிக்க முடியாது. அவளுக்கு அப்போது 23 வயது.

நான்கு ரோடு ஃபேன்சி | 3 ஜூன் 2024, மதியம் 1.20

'பார்த்தீர்களா, முயல் மேல் சோதித்திருந்தால் இது நடந்திருக்காது. தடையே தப்பு' என்று ஒருவர் பாய்ந்துவிட்டார். இல்லை ஐயா. பிபிடி என்ன செய்யும் என்பது 1933லேயே தெரியும். இன்னும் ஆயிரம் முயலை வரிசையாகக் கூண்டில் போட்டாலும் புதிதாக ஒன்றும் தெரியப் போவதில்லை. அந்தக் கோனைச் செய்தவன் எந்தச் சோதனையும் செய்யவில்லை, முயல் மேலும் இல்லை, மனிதன் மேலும் இல்லை. அந்த வகையில் 'விலங்குகளுக்குத் துன்பமில்லை' என்று அவன் போட்டது பொய்யில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் எரிகிறது.

நான்கு ரோடு ஃபேன்சி | 3 ஜூன் 2024, இரவு 11.50

தூக்கம் வரவில்லை, இன்னொன்று. டை பாக்கெட்டில் என்ன எழுத வேண்டும் என்று அழகுசாதன விதிகள் சொல்கின்றன. ஆங்கிலத்திலும் உள்ளூர் மொழியிலும் எழுத வேண்டும். தோலில் எரிச்சல் வரலாம், முதலில் சிறிய சோதனை செய்துகொள்ளவும். இமைக்கும் புருவத்துக்கும் பயன்படுத்தக் கூடாது, பார்வை போகலாம். இப்படிப் போகிறது அந்த எச்சரிக்கை. உள்ளே இருக்கிற தாளில் செய்முறை: காதுக்குப் பின்னாலோ முன்னங்கையின் உட்பக்கமோ கொஞ்சம் தடவி, காயவிட்டு, 24 மணி நேரம் கழித்துக் கழுவிப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவை டை அடிப்பதற்கு முன்னாலும்.

பதினாறு வருடத்தில் எத்தனை டை பாக்கெட் விற்றிருப்பேன்! 'அண்ணா, நாளைக்குத்தான் அடிக்கணும், இன்னைக்குக் காதுக்குப் பின்னாடி தடவிப் பாக்கறேன்' என்று சொன்ன ஒரு ஆளைக் காட்டுங்கள். காலையில் வாங்கி மதியம் பெண் பார்க்கப் போகிறவர்கள்தான் அத்தனை பேரும். நானே சொன்னதில்லை. என் தலைக்கு நான் செய்துகொண்டதும் இல்லை.

நான்கு ரோடு ஃபேன்சி | 9 ஜூன் 2024, காலை 8.30

சட்டத்துக்குத் திரும்புவோம். தடை இருக்கிறது என்பதோடு விஷயம் முடியவில்லை.

ஐரோப்பாவில் நடக்கிற இழுபறி இது. அழகுசாதனச் சட்டம் விலங்குச் சோதனை கூடாது என்கிறது. ரீச் என்று இன்னொரு இரசாயனச் சட்டம், பொருளைத் தயாரிக்கிற தொழிலாளிக்கு ஆபத்து உண்டா என்று காட்டு, வேறு வழி இல்லாவிட்டால் விலங்கில் சோதி என்கிறது. சன்ஸ்கிரீன் மாதிரி அழகுசாதனங்களில் மட்டும் பயன்படுகிற இரண்டு பொருள்களுக்கு இப்படிச் சோதனை கேட்டார்கள். சிம்ரைஸ் என்ற ஜெர்மன் கம்பெனி வழக்குப் போட்டது. 2023 நவம்பரில் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டது. பூசுகிறவருக்காகச் சோதிக்கக் கூடாது, செய்கிறவருக்காகச் சோதிக்கலாம்.

படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை என்று எழுதப் போனேன். அப்புறம் ஓசூரில் வேலை பார்க்கிற தம்பி மகன் நினைவுக்கு வந்தான். பவுடர் மூட்டையைப் பிரித்து டிரம்மில் கொட்டுவது அவன் வேலை. நாம் விரல் நுனியில் தொட்டு வைப்பதை அவன் எட்டு மணி நேரம் மூச்சில் இழுக்கிறான். அவனுக்கு எது ஆகாது என்று யாராவது பார்த்துத்தானே ஆக வேண்டும்? முயலா அவனா என்று என்னிடம் கேட்டால், நான் அவன் பக்கம்தான் சாய்வேன். முயலும் இல்லாமல் அவனும் இல்லாமல் கண்டுபிடிக்க வழி உண்டா என்பதுதான் கேள்வி.

நான்கு ரோடு ஃபேன்சி | 10 ஜூன் 2024, இரவு 9.00

வழி உண்டு, கொஞ்சம் உண்டு. மனிதத் தோல் செல்களை வளர்த்து மேல்தோல் மாதிரியே ஒரு படலம் செய்கிறார்கள். அதில் பொருளைத் தடவி எத்தனை செல் பிழைக்கிறது என்று பார்க்கிறார்கள். ஓஇசிடி என்கிற நாடுகளின் அமைப்பு 2010இலேயே இதற்கு 439 என்று எண் கொடுத்து வழிமுறை வெளியிட்டுவிட்டது. கண்ணுக்கு, கசாப்புக் கூடத்தில் ஏற்கெனவே அறுத்த மாட்டின் விழியையோ கோழியின் விழியையோ எடுத்துச் சோதிப்பது. சோதனைக்கென்று தனியாக ஒரு உயிரும் போகாது.

கோழிக்கண் முறையைப் பக்கத்துச் சிக்கன் கடைக்காரரிடம் சொன்னேன். 'தலையைத் தூக்கித்தான் போடறோம், கிலோ என்ன விலைக்கு எடுப்பாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க' என்றார்.

உடம்புக்குள் போய் மாதக் கணக்கில் என்ன செய்யும், கருவில் இருக்கிற குழந்தைக்கு என்ன ஆகும் என்பதையெல்லாம் ஒரு துண்டுத் தோலை வைத்துச் சொல்ல முடியாது. நேற்றுச் சொன்ன வழக்கு அங்கேதான் மாட்டிக்கொள்கிறது.

நான்கு ரோடு ஃபேன்சி | 16 ஜூன் 2024, மதியம் 3.45

'தடை எதையெல்லாம் தொடாது?' என்ற கேள்விக்கு என் அலமாரியிலிருந்தே பதில். கீட்டோகோனசோல் போட்ட பொடுகு ஷாம்பு சட்டப்படி மருந்து. பல தலை எண்ணெய்ப் பாட்டிலில் பொடி எழுத்தில் 'ஆயுர்வேத மருந்து' என்று இருக்கும், அதுவும் மருந்து. தடை அழகுசாதனத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. பாட்டில் ஒரே மாதிரி, வாசனை ஒரே மாதிரி, சட்டம் வேறு.

இன்னொரு வேடிக்கை. மருந்துக்கடை வைக்க லைசென்ஸ் வேண்டும். கிரீம், டை, லிப்ஸ்டிக் விற்க வேண்டாம். செய்கிறவருக்குத்தான் லைசென்ஸ். அதனால்தான் என்னை மாதிரி ஆள் எதை வேண்டுமானாலும் அடுக்கி வைக்க முடிகிறது. மலப்புரம் பக்கம் 2023இல் வெள்ளையாக்கும் கிரீம் பூசிச் சிலருக்குச் சிறுநீரகம் பாதித்த செய்தி வந்ததே, பாதரசம். நம் விதிப்படி இந்த மாதிரிக் கிரீமில் பாதரசம் சேர்க்கவே கூடாது. விதி இருந்தது, கிரீமும் கடையில் இருந்தது.

அந்தச் செய்தி வந்த அன்றைக்கு, முகவரி இல்லாத கிரீம் டப்பா நாற்பத்தேழை என் கடையிலிருந்து எடுத்து ஓரமாக வைத்தேன். லைன் ஆள் திருப்பி எடுக்கமாட்டேன் என்றார். நஷ்டம் எனக்கு.

நான்கு ரோடு ஃபேன்சி | 3 ஆகஸ்ட் 2024, இரவு 11.30

ரொம்ப நாள் ஆகிவிட்டது. இன்று ஆடிப்பெருக்கு. காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, வளையல் என்று காலையிலிருந்து நிற்க நேரமில்லை.

கூட்டத்தில் ஒரு அம்மா ஸ்டிக்கர் பொட்டு வாங்க வந்தார். நெற்றி நடுவில் வட்டமாக வெள்ளைத் தழும்பு. என் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. வெண்குஷ்டம் என்று பயந்து கோயில் கோயிலாகப் போனோம். பொட்டின் பசையில் இருக்கிற பிடிபிபி என்கிற இரசாயனம் சிலருக்கு நிறத்தைத் தின்றுவிடும். அந்த அம்மாவிடம் சொல்லிக் குங்குமம் கொடுத்து அனுப்பினேன். ஸ்டிக்கர் அட்டை 10 ரூபாய், குங்குமம் 15. வியாபாரத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்.

ராயக்கோட்டைத் தக்காளி | 4 ஆகஸ்ட் 2024, காலை 9.05

எல்லாம் படித்தேன் அண்ணா. 'சுத்த' என்பதை எடுத்துவிடுகிறேன். 'ஏமாற்று' இருக்கட்டும். முயலைப் பார்க்க வேண்டாம் என்றால் வேறு எதைப் பார்த்து வாங்குவது?

நான்கு ரோடு ஃபேன்சி | 4 ஆகஸ்ட் 2024, இரவு 10.20

திருப்பிப் பாருங்கள். தயாரித்தவர் பெயரும் முகவரியும், லைசென்ஸ் எண், தேதி. வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் முகவரி. இதெல்லாம் இருந்து முயலும் இருந்தால், உங்கள் 20 ரூபாய் உங்கள் இஷ்டம். நான் கொடுப்பேன். பன்னிரண்டு முயல் கணக்கு எனக்கு இருக்கிறது.

நான்கு ரோடு ஃபேன்சி | 8 செப்டம்பர் 2024, மாலை 6.40

டை வைக்கிற தட்டுக்கு மேல் அட்டையில் எழுதி ஒட்டிவிட்டேன்: 'இன்று காதுக்குப் பின்னால், நாளை தலைக்கு.' ஒரு வாரத்தில் டை விற்பனை கொஞ்சம் குறைந்தது. நாலு பேர் காதில் அடிக்கிற டை தனியாக வந்திருக்கிறதா என்று கேட்டார்கள். ஒரே ஒருவர், கம்பைநல்லூர்க்காரர், மறுநாள் வந்து காதைத் திருப்பிக் காட்டினார். சிவந்திருந்தது. பாக்கெட்டைத் திருப்பி எடுத்துக்கொண்டு பணம் கொடுத்தேன்.

ஆவணி முகூர்த்தத்துக்கு அக்கா மகள் ஊருக்கு வந்திருந்தாள். நாத்தனார் பெண்ணுக்குக் கையில் வைக்க மருதாணி இலை வேண்டுமாம். பழைய கொட்டகைக்குப் பின்னால் ஒரு செடி நிற்கிறது, போய்ப் பறித்துக்கொண்டு வந்தோம். கொட்டகைக்குள் முயல் கூண்டு ஆறு அப்படியே கிடக்கிறது. கம்பி இன்னும் துருப்பிடிக்கவில்லை. கோழிக்கோ புறாவுக்கோ வேண்டுமென்றால் யாராவது வண்டி கொண்டுவந்து எடுத்துப் போங்கள், காசு வேண்டாம். முயலுக்கு என்றால் தர மாட்டேன்.